‘அமெனபிள்’ குலத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

குழுவினருக்கு வணக்கம். கணிதத்தில் குலம் (group) என்பது, ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யவும் மீளவும் கூடிய செயல்களின் தொகுப்பு. அதன்மேல் அமையும் வரம்புற்ற சார்புகளுக்கெல்லாம், குலத்தின் உறுப்புகளால் நகர்த்தினாலும் மாறாத ஒரு சராசரி காண முடிந்தால் அது ‘அமெனபிள்’ (amenable) குலம்.

முதுகலை விரிவுரைக் குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது; நானோ ஒரே வாக்கியத்தில் நிற்கிறேன். எண்ணத்தக்க (உறுப்புகளை 1, 2, 3 என வரிசையிடத்தக்க) ‘அமெனபிள்’ குலம் எதையும், முடிவுறு எண்ணிக்கையில் பிறப்பாக்கிகளை (மற்றெல்லா உறுப்புகளையும் ஆக்கித்தரும் உறுப்புகளை) உடைய ‘அமெனபிள்’ குலம் ஒன்றினுள் உட்குலமாகப் பொதிக்கலாம் என்பதே அது. இப்போதைக்கு ‘இணங்கு குலம்’ என்று எழுதியிருக்கிறேன்.

---

ஐயா, ‘இணங்கு’ அகராதியைப் பார்த்துச் செய்த சொல். 1929-இல் கணிதவியலாளர் ஜான் ஃபான் நாய்மன் இக்கருத்தை அறிமுகப்படுத்தியபோது, ‘அளக்கத்தக்க’ என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லையே ஆண்டார். ‘அமெனபிள்’ என்பது, சராசரியைக் குறிக்கும் ஆங்கில ‘மீன்’ (mean) உள்ளே ஒலிக்கும்படி கணிதவியலாளர் மாலன் டே பிற்பாடு செய்த சிலேடை. பிரெஞ்சுக்காரரும் சராசரியிலிருந்தே பெயர் வைத்தார்கள். ஆனால் ‘சராசரி’ பாரசீக வழி வந்தது என்பதால் ‘நடுவுடைக் குலம்’ என்போம். அன்றேல், ‘சமன்செய்து சீர்தூக்கும் கோல்போல் அமைந்து’ (குறள் 118) என்பதிலுள்ள ‘அமை’யைக் கொண்டு ‘அமைகுலம்’ என்றால், துலாக்கோலும் கிடைக்கும், மூலத்தின் ஒலியும் கிடைக்கும்.

---

அம்மா, ‘நடு’ என்றதும் மாணவர் குலத்தின் மையத்தை நினைப்பார்கள். அது, எல்லா உறுப்புகளோடும் வரிசை மாற்றிச் சேர்க்கத்தக்க உறுப்புகளின் தொகுதி; வேறு பொருள். ‘அமைகுலம்’ அழகுதான், ஆனால் குறளை விளக்கிய பிறகே குலத்துக்கு வர வேண்டியிருக்கும்.

சராசரியை ஏன் பெயரில் விடக்கூடாது என்பதற்கு, எண்கோட்டில் ‘ஒன்று கூட்டு’, ‘இரட்டிப்பாக்கு’ என்னும் இரண்டே செயல்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரட்டித்து, ஒன்று கூட்டி, பாதியாக்கினால் அரை கூடுகிறது. இருமுறை இரட்டித்து, ஒன்று கூட்டி, இருமுறை பாதியாக்கினால் கால். அப்படியே அரைக்கால் (1/8), மாகாணி (1/16) என்று போய்க்கொண்டே இருக்கலாம். முடிவுறு பிறப்பாக்கிகளுக்கு அடங்காத அந்தப் பின்னக் குலம் முழுவதும் இரு பிறப்பாக்கிக் குலம் ஒன்றினுள் அடங்கிவிட்டது, சராசரியும் கெடவில்லை. எண்ணத்தக்க குலம் எதையும் இரு பிறப்பாக்கிகளுக்குள் பொதிக்கலாமென்று ஹிக்மனும், (ஃபான் நாய்மன் அல்லாத) பெர்ன்ஹார்ட்–ஹன்னா நாய்மன் தம்பதியரும் 1949-இலேயே காட்டிவிட்டார்கள். ஆனால் அவர்கள் கட்டும் குலத்தினுள் இரு பிறப்பாக்கிகளுக்கிடையே எவ்வுறவும் இல்லாத கட்டற்ற குலம் புகுந்துவிடுவதால் அங்கே மாறாச் சராசரி நிலைக்காது. தேற்றத்தின் பாரம் முழுவதும் சராசரியைக் காப்பதில் இருக்க, அதைப் பெயரிலிருந்து விரட்டுவானேன்? ‘சராசரிக் குலம்’ என்றால் சாதாரணக் குலம் என்றாகிவிடும். ஆகவே ‘சராசரியேற்கும் குலம்’.

---

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: ‘எண்ணத்தக்க சராசரியேற்கும் குலம்’ என்னும்போது எண்ணத்தக்கது சராசரியா, குலமா என்று மயங்குகிறது. தனிமடலில் எழுதியவர்களுள் பெரும்பாலோர் ‘இணங்கு’ போதும் என்கிறார்கள். அதையே அச்சுக்கு அனுப்பி, சிலேடையை அடிக்குறிப்பில் சேர்க்கிறேன்.

---

சேருங்கள் ஐயா. என் வகுப்பில் ‘அமைகுலம்’ என்றே சொல்வேன்.