ரேஸுக்கு முந்தைய ஈசி ரன்: வழியில பார்த்ததைச் சொல்லுங்க (கிருஷ்ணகிரி, தருமபுரி)

அணைமேட்டார்:
கே.ஆர்.பி. டேம் ரோடு, ஞாயிறு காலை. பெங்களூரு ஹாஃபுக்கு (21 கி.மீ. ரேஸ்) பேர் கொடுத்த பையன் ஒருத்தன் பக்கத்துல ஓடி வந்தான். "இன்னைக்கு என்ன தம்பி?"ன்னா, "ஈசி..." ஒரு மூச்சு, "...தாண்ணா". மூச்சு வாங்காம பேசிக்கிட்டே ஓடுறதுதான் ஈசி ரன். அவன் வாட்ச்ல துடிப்பு 172. "வாட்ச் தப்பாக் காட்டுதுண்ணா"ன்னுட்டு முன்னால போயிட்டான். நடுவுல இழுத்த அந்த மூச்சு இன்னும் காதுல நிக்குது.

வாட்ச் தப்பாக் காட்டும், இல்லைங்கல. மணிக்கட்டுல பச்சை வெளிச்சம் அடிச்சுப் படிக்கிற வாட்ச், பட்டை தொளதொளன்னு இருந்தா கையாட்டத்தையே துடிப்புன்னு எடுத்துக்கும். நிமிஷத்துக்கு 170 அடி வைக்கிறவங்களுக்குத் துடிப்பும் 170லயே ஒட்டிக்கிட்டு நிக்கும். சந்தேகம்னா நின்ன உடனே கழுத்துல ரெண்டு விரல் வெச்சு 10 விநாடி எண்ணி 6ஆல பெருக்குங்க. தாமதிச்சா துடிப்பு இறங்கிடும், கணக்கு பொய்யாயிடும். 23 வந்தா 138, வாட்ச்தான் தப்பு. 28, 29 வந்தா வாட்ச் மேல பழி போடாதீங்க. பட்டையை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேல ஏத்திக் கட்டினா பாதி சிக்கல் தீரும். மார்கழிக் குளிர்ல முதல் பத்து நிமிஷம் காட்டுற எண்ணை நம்பவே வேண்டாம்.

பாலக்கோடு பாதை:
அண்ணா, பேச முடியாம திணறுறவனுக்குக் கழுத்துல விரல் எதுக்கு? பதில் அங்கேயே வந்துடுச்சே.

தருமபுரி ஸ்டேடியத்துல ஒரு பி.டி. மாஸ்டர், ரெண்டு நாள்ல போட்டி இருக்கிற பிள்ளைங்களை ஓடவிட்டுக்கிட்டே 16ஆம் வாய்ப்பாடு சொல்ல வெச்சார். ஒரு பொண்ணு ஏழாவது வரியில நின்னுட்டா. "கணக்கு வரலையா, மூச்சு வரலையா?" "மூச்சு சார்." "அப்ப நட." அவ்வளவுதான். வாட்ச் இல்ல, விசில் இல்ல.

எண்தான் வேணும்னா: 30 வயசுக்கு 208ல வயசோட 0.7 பங்கைக் கழிங்க, 187. அதுதான் உச்சத் துடிப்பு. ஈசி ஓட்டத்துக்கு அதுல 70லருந்து 75 சதவீதம்னா 131 முதல் 140. ஆனா இந்தச் சூத்திரம் ஆளுக்கு ஆள் பத்து துடிப்பு மேல கீழ போகும். ஒருத்தருக்கு 140 நடை மாதிரி, இன்னொருத்தருக்கு அதுவே திணறல். அதனாலதான் ஓடிக்கிட்டே வாய்ப்பாடு சொல்லிப் பாக்கிறது மேல். வேகக் கணக்கு: 10 கி.மீ.யை 60 நிமிஷத்துல முடிக்கிறவர் ஈசி நாள்ல கிலோமீட்டருக்கு 7 நிமிஷத்துக்குக் கீழ வரக்கூடாது. ஏழரை ஆனாலும் குற்றமில்ல. பங்குனி வெயில்ல 7 மணிக்கு மேல ஓடினா அதே வேகத்துக்குத் துடிப்பு ஏறிக்கிட்டே போகும், ஏன்னா உடம்பு சூட்டை வெளியேத்த ரத்தத்தைத் தோலுக்குத் திருப்புது. அப்ப குறைக்க வேண்டியது வேகத்தை. வாட்சை இல்ல.

தோப்புக்காரர்:
காவேரிப்பட்டணம் பக்கம், மாங்கா சீசன். தோப்புக் காவலுக்கு விட்ட மூணு நாய், முன்னால ஓடினவரைச் சுத்திக்கிச்சு. அவர் வேகம் எடுத்தார். அதான் தப்பு. காவக்காரப் பாட்டி கட்டில்ல உக்காந்தபடியே, "ஓடாத சாமி, நில்லு, அதுங்களுக்கு நீ ஓடறதுதான் பிடிக்கல"ன்னு கத்துச்சு. நின்னார். நாய்ங்களும் நின்னுடுச்சு.

யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்லிடறேன். நாய் வந்தா ஓட்டத்தை நிறுத்தி நடங்க, கண்ணைப் பார்க்காதீங்க, முதுகைக் காட்டாம பக்கவாட்டுல விலகுங்க. கல் எடுக்கக் குனிஞ்சாலே பல நாய் ஒதுங்கும், எறியத் தேவையில்ல. பல்லு பட்டுட்டா, சின்னக் கீறலா இருந்தாலும், ஓடுற தண்ணியில சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவணும். மஞ்சளு, சுண்ணாம்பு, மிளகாப்பொடி எதுவும் வைக்கக் கூடாது. அன்னைக்கே அரசு ஆஸ்பத்திரி. தோல்ல போடுற ரேபிஸ் தடுப்பூசின்னா 0, 3, 7, 28ன்னு நாள் கணக்கு. ரத்தம் வந்திருந்தா காயத்தைச் சுத்திப் போடுற இம்யூனோகுளோபுலினும் (ரேபிஸ் எதிர்ப்பு மருந்து) வேணும், அதைக் கேட்டு வாங்குங்க. ரேஸ் இருக்குன்னு ஊசியைத் தள்ளிப் போடாதீங்க.

வத்தல்மலை வளைவு:
நாய்க்கு இவ்வளவு நீளமா! சரி, என்னோடது சின்னது.

ரேஸுக்கு நாலு நாள் முன்னாடி, தருமபுரியில ஒரு மாடிப்படியில ஒரு ஆள் நண்டு மாதிரி பக்கவாட்டா இறங்கிக்கிட்டிருந்தார். கேட்டா, வத்தல்மலை ரோட்டுல மேல வண்டியில போய், கீழ வரைக்கும் மெதுவாதான் ஓடி வந்தாராம். மூச்சு வாங்கல, அதனால ஈசி ரன்னாம்.

மூச்சுக்கு ஈசி, தொடைக்கு இல்ல. இறக்கத்துல ஒவ்வொரு அடிக்கும் முன்தொடைத் தசை நீண்டுக்கிட்டே பிரேக் போடுது. நார் நுணுக்கமாக் கிழியறது அதுலதான். வலி அன்னைக்குத் தெரியாது, 24 மணி நேரம் கழிச்சு ஆரம்பிச்சு ரெண்டாம் மூணாம் நாள் உச்சத்துக்குப் போகும். வலி போன பிறகும் தசைக்குப் பழைய பலம் வர இன்னும் சில நாள் ஆகும். இறக்கப் பயிற்சி வேணும்னா ரேஸுக்கு மூணு வாரம் முன்னாடியே முடிச்சுடுங்க. தொப்பூர் கணவாய் பக்கம் மட்டும் எந்த வாரமும் போகாதீங்க, அது லாரி பிரேக் பிடிக்காத இடம்.

அரூர் அக்கா:
எல்லாரும் எவ்வளவு வேகம்னே பேசறீங்க, எவ்வளவு தூரம்னு யாரும் சொல்லல. கடைசி வாரத்துல ஆளுங்க கெடுறது அங்கதான். போன தடவை ரேஸ் நம்பர் வாங்குற வரிசையில நின்ன ஒரு அம்மா, "நேத்து நம்பிக்கைக்காக 18 ஓடிப் பார்த்துட்டேன்"னாங்க. மறுநாள் 21. பக்கத்துல நின்ன பசங்க கைதட்டினாங்க. அந்தக் கைதட்டல்தான் எனக்கு உறுத்துது.

வாரம் 40 கி.மீ. ஓடுறவங்களுக்கு ஹாஃப் வருதுன்னு வெச்சுக்குவோம். ரெண்டு வாரம் முன்னாடி 28. ரேஸ் வாரத்துல ரேஸ் தூரத்தைச் சேர்க்காம 15. செவ்வாய் 6, அதுல கடைசியில 20 விநாடி வேகமா நாலு தடவை, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல மூச்சு முழுசா அடங்குற வரைக்கும் நடை. வியாழன் 6. சனி 3 இல்லன்னா ஓய்வு. ஓடுற நாளை ரொம்பக் குறைக்காதீங்க, தூரத்தைக் குறைங்க. அந்த 20 விநாடியை விட்டுட்டா கால் மரத்துப் போன மாதிரி ஆயிடும். கடைசிப் பத்து நாள்ல ஓடுற நீள ஓட்டம் ரேஸன்னைக்குப் பலமா மாறாது, களைப்பா மட்டும்தான் வந்து நிக்கும்.

முந்தின நாள் சாப்பாடு: கேழ்வரகுக் களி, கீரை, பயறு வேண்டாம். நார் அதிகம், காலையில வழியில ஒதுங்க இடம் தேட வைக்கும். இட்லி, சோறு, தயிர் போதும். புது ஷூ வேண்டவே வேண்டாம். கால் நகத்தை மூணு நாள் முன்னாடியே வெட்டிடுங்க.

களி கட்சி:
அக்காவுக்கு மரியாதையோட ஒரு மறுப்பு. தினமும் களி சாப்பிடுற வயித்துக்குக் களி புதுசில்ல. அந்த வயித்துக்குத் திடீர்னு பாஸ்தா, ஓடுறப்ப சாப்பிடுற கடை ஜெல், ஓட்டல் பரோட்டா, இதுங்கதான் புதுசு. ரேஸுக்கு முன்னாடி வயித்துக்குப் புதுசு எதுவும் காட்டக் கூடாதுங்கிறதுதான் விதி, களி கூடாதுங்கிறது இல்ல. ராத்திரி ஏழு மணிக்குள்ள ஒரு சின்ன உருண்டை, கீரைக்குப் பதில் மோர். நீள ஓட்டத்துக்கு முந்தின ராத்திரி ஒரு தடவை அதையே சாப்பிட்டுப் பாருங்க, வயிறே சொல்லிடும்.

அரூர் அக்கா:
சின்ன உருண்டைன்னா ஒத்துக்கறேன் தம்பி. நம்ம ஊர்ல எது சின்னதுங்கிறதுதான் கேள்வி.

அணைமேட்டார்:
குடிக்கிறதையும் சேர்த்துக்குங்க. டேம் பார்க் கேட்டுல ஒருத்தர் அரை லிட்டர் பாட்டில்ல பெரிய ஓ.ஆர்.எஸ். பாக்கெட் முழுசாக் கொட்டிக் குலுக்கினார். 20.5 கிராம் பாக்கெட் ஒரு லிட்டருக்கு உண்டானது. அரை லிட்டர்ல கரைச்சா உப்பும் சர்க்கரையும் ரெட்டிப்பு, வயித்தைப் புரட்டும், தாகமும் அடங்காது. 200 மில்லிக்குச் சின்னப் பாக்கெட் தனியா வருது, எந்த அளவுன்னு மேலயே போட்டிருக்கும். சென்னை ரேஸுக்குப் போறவங்களுக்கு இது இன்னும் முக்கியம். இங்க வேர்வை சீக்கிரம் காயும், அங்க புழுக்கத்துல காயாம ஒழுகும், சூடு இறங்காது. இங்க ஈசியா இருந்த வேகத்தை அங்க அப்படியே பிடிக்காதீங்க, முதல் 3 கி.மீ. அடக்கி ஓடுங்க.

ஓசூர் விடியல்:
ராயக்கோட்டை ரோட்டுல ஒரு பொண்ணு ஓடிக்கிட்டிருந்தா. எதிர்ல வந்த டவுன் பஸ்ஸை டிரைவர் நிறுத்தி, கதவுகிட்ட இருந்த கண்டக்டர், "மெதுவா வாம்மா, நிக்கறோம்"னார். பஸ்ல இருந்த எல்லாரும் ஜன்னல்ல. அவ கையை ஆட்டி "போங்க போங்க"ங்கிறா, பஸ் போகவே இல்ல.

எதிர்ல வர்ற வண்டியைப் பார்த்து வலது ஓரமா ஓடுறதுல பாதுகாப்பு இருக்கு, ஆனா ஒரு கோளாறும் இருக்கு. தண்ணி வடியறதுக்காக ரோடு ஓரத்துக்குச் சரிஞ்சிருக்கும். போகும்போதும் வலது ஓரம், திரும்பும்போதும் வலது ஓரம்னா எப்பவும் வலது கால்தான் பள்ளத்துல. முட்டிக்கு வெளிப்பக்கம் குத்துறவங்க முதல்ல இதைப் பாருங்க. ரேஸ் வாரத்துல மட்டுமாவது தார் ஓரத்தை விட்டுட்டு, சமமான மண் தடம் இல்லன்னா ஸ்கூல் கிரவுண்டுக்குப் போங்க. கிரவுண்டுல ஒரே பக்கமாச் சுத்தாம பாதியில திசையை மாத்திக்குங்க.

பாலக்கோடு பாதை:
மண் தடம்னா அஞ்சு மணி இருட்டுல ஹெட்லைட் கட்டாயம். நெத்தியில கட்டினா பள்ளத்தோட நிழல் சரியாத் தெரியாது, இடுப்புல கட்டுங்க. எதிர்ல டூ வீலர் வந்தா கையால மறைச்சுக்குங்க, அவங்க கண்ணு கூசும்.