கலப்பின வல்லூறு மலடா?

பரங்கிப்பேட்டையான்: வளைகுடா நாடுகளில் வேட்டைக்காக வளர்க்கப்படும் கலப்பின வல்லூறுகள் கோவேறு கழுதையைப் போல மலடு, ஆகவே அவை தப்பிப் பறந்தாலும் கேடில்லை என்று ஊசுட்டேரி நண்பர் நேற்று எழுதியிருக்கிறார். ஷார்ஜாவில் ஒரு வல்லூற்றுப் பண்ணையில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். படித்ததும் கோபம் வந்தது. ஜிர் வல்லூறு பெரிய பறவை, ஆனால் வடதுருவக் குளிரில் பிறந்தது. அரபு நாட்டு வெயிலில் எளிதில் நுரையீரல் நோய்க்கு ஆளாகும். அதனால்தான் வறண்ட நிலத்துக்குப் பழகிய சேக்கர் வல்லூற்றோடு அதைக் கலக்கிறார்கள். அந்தக் கலப்பினத்தை மீண்டும் ஜிர்ரோடு சேர்த்துப் பெறுவதே சந்தையில் 'முக்கால் ஜிர்' என்று விலைபோகிறது. முதல் தலைமுறை மலடென்றால் முக்கால் எங்கிருந்து வந்தது?

ஊசுட்டேரி: நான் சொன்னது பொரி வல்லூற்றையும் ஜிர்ரையும் கலந்த பறவையை. அதன் பெட்டைகளுக்கு இனப்பெருக்கத் திறன் மிகவும் குறைவு. அதோடு, பண்ணைகளில் பெரும்பாலும் நடப்பது செயற்கைக் கருவூட்டல். மனிதனையே இணையாக நினைக்கும்படி வளர்க்கப்பட்ட ஆண் வல்லூறு, வளர்ப்பவரின் தொப்பிமேல் ஏறி விந்தைச் சிந்துகிறது. இதை இனப்பெருக்கம் என்பீர்களா? மலடு என்ற சொல்லை நான் திரும்பப் பெறமாட்டேன்.

பரங்கிப்பேட்டையான்: நேற்று கலப்பினம் முழுவதும் மலடு என்றீர்கள், இன்று ஒரு கலப்பு மட்டும், அதிலும் பெட்டைகள் மட்டும் என்கிறீர்கள். குறைவு என்பது இல்லை என்றாகாது. 1971இல் அயர்லாந்தில், ஒரே அறையில் விடப்பட்டிருந்த பொரி வல்லூறும் சேக்கரும் யாரும் கருவூட்டாமல் தாமாகவே இணைந்து குஞ்சு பொரித்தன. அங்கே தொப்பி ஏது?

தேவனாம்பட்டினம்: இருவரும் மலட்டிலேயே நிற்கிறீர்கள். காலில் வாரும் கண்ணில் மூடியுமாகப் பறவையை வைத்திருப்பது சரியா என்று யாரும் கேட்கவில்லை. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி பொரி வல்லூற்றைப் பிடித்து வளர்ப்பதே குற்றம்.

பரங்கிப்பேட்டையான்: அந்த வாரை நாள்தோறும் எண்ணெய் தடவிப் பதமாக்கிய கை என்னுடையது ஐயா, பறவைக்குக் காய்ச்சல் என்றால் நாங்கள் உறங்கியதில்லை. என் பிழைப்பைக் குற்றம் என்று பேச வேண்டாம்.

ஊசுட்டேரி: கூலிக்குப் பறவை பார்த்தவர் காட்டுப் பறவையைப் பற்றி எங்களுக்குப் பாடம் நடத்துகிறார்.

பரங்கிப்பேட்டையான்: சென்ற தை மாதம் ஏரிக்கரையில் வைரி என்ற வேறொரு வேட்டைப் பறவையைப் பார்த்துப் பொரி வல்லூறு என்று பதிவிட்டவர் நீங்கள், திருத்தியவன் நான். அந்தக் கசப்பு இன்னும் போகவில்லை போலும். குளிர்காலத்தில் நம் கடற்கரைக்கு வடக்கின் தூந்திரம் என்னும் மரமற்ற பனிநிலத்திலிருந்து பொரி வல்லூறுகள் வருகின்றன. ஐரோப்பாவில், தப்பிய கலப்பினங்கள் காட்டுப் பறவைகளோடு இணைசேர்ந்தது பதிவாகியிருக்கிறது. மலடு என்று நம்பி அலட்சியமாக இருந்தால் பாழாவது அந்தக் காட்டு இரத்தம்தான். முக்கால் ஜிர் எப்படி வந்தது என்பதற்கு இன்னும் பதில் இல்லை.

ஊசுட்டேரி: பதில் சொல்லியாயிற்று. பெட்டை மலடு.

பரங்கிப்பேட்டையான்: குறைவு என்று எழுதியவரும் நீங்கள்தான். மேலே பாருங்கள்.