மூளை இரத்தக்குழாய் அடைப்பும் கசிவும்: தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

காவேரிப்பட்டணம் அக்கா:

மூளை இரத்தக்குழாய் நோய் என்றாலே நம்ம பக்கம் அறுபது வயதுக்கு மேல், பி.பி., சர்க்கரை, கை கால் விழுந்துவிட்டது என்றுதான் பேச்சு. என் தங்கைக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை, மடியில் பச்சைக் குழந்தை. வீட்டில் பிரசவித்த பெண் இருப்பவர்கள் தயவுசெய்து முழுதும் படியுங்கள்.

சிசேரியன் முடிந்து தாயும் பிள்ளையும் நலமாக வீட்டுக்கு வந்தார்கள். இரண்டாவது வாரம் தலைவலி ஆரம்பித்தது. முதுகில் போட்ட ஊசியால் வருகிற வலி, போகப் போகச் சரியாகிவிடும் என்றார்கள், பிரசவம் பார்த்த இடத்தில் போனில் கேட்டபோதும் அதையேதான் சொன்னார்கள். ஆனால் ஊசித் தலைவலி உட்கார்ந்தால், எழுந்து நின்றால் வரும், படுத்தால் விடும். இவளுக்கு நேர்மாறு. படுத்தால் மண்டை வெடிக்கிறது என்று சொல்லி ராத்திரி முழுக்கச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். இருமினால்கூட வலி கூடியது, விடியற்காலையில் வாந்தி. சித்திரை மாத வெயில் வேறு. பச்சை உடம்பு, தண்ணீர் குடித்தால் வயிறு போட்டுவிடும், குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று சொல்லி ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் வெந்நீர்தான் அவளுக்குக் கணக்கு, நான் சண்டை போட்டும் பெரியவர்கள் காதில் ஏறவில்லை.

ஒரு நாள் மதியம் வலது கை மட்டும் துடிக்க ஆரம்பித்து அப்படியே உடம்பு முழுவதும் வெட்டி வெட்டி இழுத்தது. பச்சை உடம்புக்காரிக்கு ஜன்னி கண்டுவிட்டது, வேப்பிலை அடிக்க ஆளைக் கூப்பிடுங்கள் என்று தெருவில் ஒரு கூட்டம். எங்கள் சின்ன மாமா அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு 108-க்கு போன் போட்டார், அந்த மனிதருக்கு நான் காலத்துக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

முதலில் எடுத்த சி.டி. ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அங்கே பணியில் இருந்த ஒரு இளம் பெண் மருத்துவர்தான் விடவில்லை. பிரசவமாகி எத்தனை வாரம், படுத்தால் வலி கூடுதா, தண்ணீர் எவ்வளவு குடிக்கிறாள் என்று வரிசையாகக் கேட்டார். அப்புறம் அறை விளக்கை அணைக்கச் சொல்லி, கையில் பிடித்த சின்ன விளக்குக் கருவியோடு அவள் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து, இரண்டு கண்ணையும் வெகு நேரம் உள்ளே பார்த்தார். கண்ணுக்குப் பின்னால் நரம்பு வீங்கியிருக்கு, மண்டைக்குள் அழுத்தம் ஏறியிருக்கு, சாதா சி.டி. போதாது, எம்.ஆர்.ஐ.யும் கூடவே சிரைகளுக்கான, அதாவது மூளையிலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டு போகிற குழாய்களுக்கான வீனோகிராம் படமும் எடுத்தே ஆகணும் என்றார். சாதா சி.டி.யில் இந்த நோய் கண்ணில் படாமலே போக நிறைய வாய்ப்பு இருக்கிறதாம்.

எடுத்ததும் தெரிந்துவிட்டது. நெற்றியிலிருந்து உச்சி வழியாகப் பிடரி வரைக்கும் நடு மண்டையில் ஒரு பெரிய சிரை ஓடுகிறது, மூளையில் ஓடிய இரத்தம் அதன் வழியாகத்தான் கழுத்துக்கு இறங்கும். படத்தில் அது முழுக் கோடாகத் தெரிய வேண்டும். இவளுக்கு முன்பாதி இருந்தது, பின்பாதி படத்திலேயே இல்லை, உறைந்து அடைத்திருந்தது. கர்ப்ப காலத்திலும் பிரசவமாகி ஆறு வாரம் வரைக்கும் பெண்ணுக்கு இரத்தம் உறையும் தன்மை இயற்கையாகவே கூடுதல், அதோடு உடம்பில் நீர் வற்றினால் இந்த ஆபத்து இன்னும் ஏறும்.

அன்று இரவே ஓசூர், அத்திப்பள்ளி, சில்க் போர்டு நெரிசல் எல்லாம் தாண்டி பெங்களூர் நிம்ஹான்ஸுக்குக் கொண்டு போனோம். இரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் ஊசி போடப் போகிறோம் என்றார்கள். ஸ்கேனில் மூளைக்குள் ஒரு இடத்தில் இரத்தம் கசிந்தும் இருந்தது, கசிந்த இடத்தில் உறையாத மருந்தா என்று தங்கை வீட்டுக்காரர் கையெழுத்துப் போடவே மறுத்துவிட்டார். மருத்துவர் பொறுமையாக உட்கார்ந்து விளக்கினார். ஏரியில் மதகு அடைத்துக்கொண்டால் தண்ணீர் கரையை உடைத்துக்கொண்டு வருகிற மாதிரி, வெளியேற வழியில்லாத இரத்தத்தின் அழுத்தத்தில்தான் கசிந்திருக்கிறது, அடைப்பு வளராமல் தடுத்தால்தான் கசிவும் நிற்கும் என்றார். அந்த விளக்கம் கிடைத்திருக்காவிட்டால் அவர் அவளை அங்கிருந்து கூட்டிக்கொண்டு வந்தே இருப்பார். ஊசியும் வலிப்புக்கு லெவடிரசிடமும் சேர்ந்து ஓடின. முதலில் வாந்தி நின்றது, பிறகு வலி குறைந்தது, துவண்ட வலது கையில் மெல்ல மெல்லப் பிடிமானம் வந்தது.

இப்போது நன்றாக இருக்கிறாள், மாங்காய் சீசனில் கூழ் ஃபேக்டரி வேலைக்குப் போகிறாள். நேரத்தோடு கண்டுபிடித்தால் இந்தச் சிரை அடைப்பில் பத்தில் எட்டுப் பேர் வரை நன்றாகத் தேறிவிடுவார்களாம். பிரசவித்தவளுக்கு நாளுக்கு நாள் கூடுகிற தலைவலி, படுத்தால் அதிகமாகிற தலைவலி, மங்கலான பார்வை, வலிப்பு, இதில் எது இருந்தாலும் சிரைக்குப் படம் எடுத்தீர்களா என்று வாய் திறந்து கேளுங்கள். தண்ணீரை மட்டும் தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

பாலக்கோடு:

அக்கா, படிக்கும்போதே கை நடுங்கிவிட்டது. எங்கள் அப்பாவுக்கு வந்தது தமனி அடைப்பு, அதாவது மூளைக்கு இரத்தம் கொண்டு போகிற குழாயில் அடைப்பு. தக்காளி லோடு ஏற்ற விடியற்காலையில் எழுந்தவர், கையில் இருந்த டம்ளர் நழுவி விழுந்தது, வாய் ஒரு பக்கம் கோணியது, பேச்சு குழறியது. தூக்கி 108-ல் ஏற்றி தர்மபுரி போய்ச் சேர்ந்ததும் அங்கே பார்த்தவர் எங்களிடம் திரும்பத் திரும்ப ஒரே கேள்விதான் கேட்டார்: கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்? எப்போது விழுந்தார் என்பதைவிட அதுதான் முக்கியமாம். அம்மா சொன்னார், அஞ்சு மணி பஸ் எங்க வீட்டைத் தாண்டினப்ப டீ குடிச்சிக்கிட்டு என்கிட்ட பேசினாருங்க என்று. அந்த ஒரு பதிலை வைத்துத்தான் எல்லாம் நடந்தது. சர்க்கரை பார்த்தார்கள், சி.டி. எடுத்தார்கள், கசிவு இல்லை என்று உறுதியானதும் உறைந்த இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி. எடை எவ்வளவு என்று கேட்டார்கள், மண்டித் தராசில் போன வாரம்தான் ஏறி நின்றிருந்தார், அதைச் சொன்னோம். எடைக்குத் தகுந்த அளவாம், அதில் பத்தில் ஒரு பங்கை உடனே ஏற்றிவிட்டு மீதியை ஒரு மணி நேரம் பம்ப்பில் விட்டார்கள்.

சாயங்காலம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வலது கை விரல்கள் மட்டும் இன்னும் சட்டைப் பொத்தான் போட வரவில்லை, தினமும் பயிற்சி நடக்கிறது. இ.சி.ஜி.யில் துடிப்பு தாறுமாறாக இருந்தது, இதயத்தில் உருவான கட்டிதான் மேலே போய் அடைத்திருக்கிறது என்று அதற்குத் தனி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நாடியைப் பிடித்துப் பார்த்தாலே தெரிந்திருக்கக்கூடிய விஷயமாம் அது.

தர்மபுரி வார்டு நர்ஸ்:

தம்பி, உங்கள் அம்மா சொன்ன மாதிரி ஒரு பதில் கிடைத்தால் எங்களுக்குப் பாதி வேலை முடிந்தது. பெரும்பாலும் ராத்திரி படுத்தார், காலையில் பார்த்தால் இப்படி என்றுதான் வருகிறார்கள். அப்போது படுத்த நேரத்திலிருந்துதான் கணக்குப் போட வேண்டியிருக்கிறது, அந்த ஊசிக்கு வழக்கமான எல்லை 4.5 மணி நேரம். முதலில் 3 மணி நேரமாகத்தான் இருந்தது, 2008-ல் வந்த ஆய்வுக்குப் பிறகு நீட்டினார்கள். பெரிய குழாயில் அடைப்பு என்றால் தொடை வழியாகக் கம்பி விட்டுக் கட்டியையே இழுத்து எடுக்கிற சிகிச்சை இருக்கிறது, தேர்ந்தெடுத்த சிலருக்கு அதை 24 மணி நேரம் வரைக்கும் செய்யலாம் என்று 2018-ல் நிரூபணம் ஆனது. ஆகவே நேரம் தாண்டிவிட்டது என்று வீட்டிலேயே போட்டு வைக்காதீர்கள். ஆனால் 24 மணி நேரம் இருக்கிறதே என்று தாமதிக்கவும் கூடாது, பெரிய குழாய் அடைத்தால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் சாகின்றன. நமக்கு சேலம் 65 கி.மீ., நடுவில் தொப்பூர் கணவாய். அங்கே ஒரு லாரி கவிழ்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

வார்டில் என் மனசு ரொம்ப வலிப்பது எப்போது என்றால், விழுந்த கை காலுக்கு வைத்தியம் என்று புறா இரத்தம் தடவிக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது. கை காலெல்லாம் காய்ந்த இரத்தம், வீட்டில் எல்லோரும் உண்மையான பாசத்தோடு அலைந்திருக்கிறார்கள், ஒரு பகல் முழுக்கப் போயிருக்கிறது. அவர்களைத் திட்ட எனக்கு மனம் வருவதில்லை, இந்தச் செய்தி அந்த வீடு வரைக்கும் போய்ச் சேரவில்லை என்பதுதான் என் ஆதங்கம். இன்னொன்று, வாய் கோணியவருக்குக் காபி, தண்ணீர், கஞ்சி எதுவும் ஊட்டாதீர்கள். விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வந்து அதிலேயே போனவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்பிரினும் ஸ்கேனுக்கு முன்னால் வேண்டாம், அடைப்பா கசிவா என்பது வெளியில் இருந்து பார்த்து யாருக்கும் தெரியாது, கசிவாக இருந்தால் அந்த மாத்திரை எமன். பி.பி. ஏறியிருக்கிறது என்று நாக்குக்கடியில் மாத்திரை வைத்து அவசரமாக இறக்குவதும் தப்பு, அடைத்த குழாய்க்கு அப்பால் கொஞ்சநஞ்சம் போகிற இரத்தமும் நின்றுவிடும்.

வாய் கோணி பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது என்றாலும் அன்றைக்கே வாருங்கள். அடுத்த இரண்டு நாள்தான் பெரிய அடைப்பு வர அதிக வாய்ப்புள்ள நேரம், கழுத்துக் குழாயில் டாப்ளர் ஸ்கேன் பார்த்தால் காரணம் பல சமயம் பிடிபடும். பி.பி. மாத்திரை வாங்கப் பஸ் ஏறணுமே என்று விட்டுவிடுகிறவர்களுக்கு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான், மாத்திரை வீட்டுக்கே வரும், சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெயர் பதிந்துகொள்ளுங்கள்.

ஓசூர்க்காரர்:

என் மனைவிக்கு வெடித்தது இரத்தக்குழாய் வீக்கம், அனூரிசம் என்பார்கள். கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் பின்மண்டையில் யாரோ ஓங்கி அடித்துவிட்டார்கள் என்று சொல்லித் திரும்பிப் பார்த்தாளாம், அப்படியே வாந்தி, கழுத்து விறைத்துப் போனது. ஒற்றைத் தலைவலி ஏற்கனவே உண்டு என்பதால் அதுதான் என்று முதலில் பார்த்த இடத்தில் ஊசி போட்டு அனுப்பப் பார்த்தார்கள். இல்லை சார், இது ஒரே நொடியில் உச்சத்துக்குப் போன வலி, இதுவரைக்கும் இப்படி வந்ததே இல்லை என்று அவளே சொன்னதால்தான் சி.டி. எடுத்தார்கள். ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தால் இந்தக் கசிவு சி.டி.யில் அநேகமாகத் தப்பாதாம், நாள் தள்ளினால் முதுகுத்தண்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டிவரும்.

தொடை வழியாக ஆஞ்சியோ செய்து அந்தச் சின்னக் கொப்புளத்துக்குள் பிளாட்டினம் கம்பிச் சுருள்களை நிரப்பினார்கள், மண்டையைத் திறக்கவில்லை. மூளைக் குழாய்களுக்கு முதன்முதலில் ஆஞ்சியோ படம் எடுத்தது 1927-ல், எகாஸ் மோனிஸ் என்ற போர்ச்சுகல் மருத்துவர் என்று பிறகு படித்தேன். அந்தப் படத்தைத் திரையில் பார்த்தபோது, மிளகு அளவு வீக்கம் ஒரு குடும்பத்தையே சாய்க்கப் பார்த்திருக்கிறதே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

சுருள் வைத்ததும் முடிந்தது என்று நினைக்காதீர்கள். கசிந்த இரத்தம் பட்டு மற்ற குழாய்கள் சுருங்குவது நாலாவது நாளிலிருந்து இரண்டு வாரம் வரைக்கும் நடக்கலாம், அதன் பாதிப்பைக் குறைக்கத்தான் நிமோடிபின் மாத்திரை. 60 மி.கி., நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, 21 நாள். ராத்திரி பத்து, இரண்டு, ஆறு என்று அலாரம் வைத்து எழுப்பிக் கொடுத்தோம். வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரை மிச்சம் இருந்தால், தூங்குகிறாளே பாவம் என்று ஒரு வேளையைக்கூட விடாதீர்கள்.

ஊத்தங்கரை:

காவேரிப்பட்டணம் அக்கா, என் அண்ணிக்கும் அதே சிரை அடைப்பு, போன மாதம்தான் வீட்டுக்கு வந்தார். மாத்திரை சாப்பிடும்போது பால் கொடுக்கலாமா? இன்னொரு குழந்தை பெற முடியாது என்று ஊரில் சொல்கிறார்களே?

காவேரிப்பட்டணம் அக்கா:

இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற வார்ஃபரின் மாத்திரைதானே? என் தங்கை அதைச் சாப்பிட்டுக்கொண்டே கொடுத்தாள், பாலில் இறங்காது என்று மருத்துவரே சொன்னார். புது வகை மாத்திரைகளுக்கு இது பொருந்தாது, அதனால் சீட்டில் பெயரைப் பார்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். இரத்தம் உறைகிற வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனை அளவு 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும், கீரையை நிறுத்த வேண்டாம், ஒரு வாரம் அள்ளிச் சாப்பிட்டு மறுவாரம் விடுவதுதான் கூடாது. தேதியும் ஐ.என்.ஆர். அளவும் எழுதிய ஒரு நோட்டு வைத்துக்கொண்டால் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் காட்டலாம். கருத்தடைக்கு ஹார்மோன் மாத்திரையைத் தொடவே வேண்டாம், காப்பர்-டி வைத்துக்கொள்ளலாம். அடுத்த குழந்தை தாராளமாகப் பெறலாம். ஆனால் வார்ஃபரின் சாப்பிடும்போது கரு நின்றால் குழந்தையைப் பாதிக்கும், ஆகவே முன்கூட்டியே நரம்பியல் மருத்துவரிடமும் மகப்பேறு மருத்துவரிடமும் சொல்லிவிட வேண்டும், கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் தோலுக்கடியில் போடுகிற ஹெப்பாரின் ஊசி கொடுத்துப் பார்த்துக்கொள்வார்கள். அண்ணிக்கு எந்த மாத்திரை, எத்தனை மாதத்துக்கு எழுதியிருக்கிறார்கள்?