1453-இல் துருக்கியர் வழியை அடைத்ததால்தான் ஐரோப்பியர் கடலில் இறங்கினார்களா?

மிளகுக்கொடி எழுதியது:

வணக்கம். போட்டித் தேர்வுக்காக உலக வரலாறு படித்துக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்கூட நாளிலிருந்து மனப்பாடம் செய்த ஒரு பாடம் இது: 1453-இல் உதுமானியத் துருக்கியர் கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்தார்கள், கிழக்கே போகும் தரைவழி அடைபட்டது, மிளகு கிடைக்காமல் ஐரோப்பியர் திண்டாடினார்கள், அதனால் கடல்வழி தேடிப் புறப்பட்டார்கள். கையேடுகளிலும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் இடிக்கிறது. போர்ச்சுகீசியர் வட ஆப்பிரிக்காவின் சியூட்டாவைப் பிடித்தது 1415. அவர்களுடைய மாலுமி கில் ஈயனிஷ் மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலுள்ள பொஜடோர் முனையைத் தாண்டியது 1434. இரண்டுமே 1453-க்கு முன்னால் நடந்தவை. வழி அடைபடுவதற்கு முன்பே எதற்குக் கப்பல் விட்டார்கள்?

அப்புறம் இன்னொன்று. மிளகு வியாபாரத்தில் கொழித்தவர்கள் வெனிஸ்காரர்கள். அடி விழுந்தது அவர்களுக்கு என்றால் புது வழியை அவர்கள் அல்லவா தேடியிருக்க வேண்டும்? மூலையில் கிடந்த சின்னப் போர்ச்சுகல் ஏன் முந்திக்கொண்டது? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

---

பழையவரைபடம் எழுதியது:

நல்ல கேள்வி. உங்கள் சந்தேகம் சரிதான், அந்தப் பாடம் நிற்காது. 1915-லேயே லைபயர் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் இதை ஆராய்ந்து, துருக்கியர் வழியை அடைத்ததற்கு ஆதாரமில்லை என்று எழுதிவிட்டார். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் நம் கையேடுகளுக்கு அது வந்து சேரவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

முதலில் மிளகு எந்த வழியாகப் போனது என்று பாருங்கள். மலபாரில் ஏறி, அரபிக்கடலைக் கடந்து, ஏடனைத் தொட்டு, செங்கடல் வழியாக எகிப்துக்குப் போய், அலெக்சாண்ட்ரியாவில் வெனிஸ் கப்பல்களில் ஏறும். இன்னொரு பங்கு சிரியா பக்கமாக டமாஸ்கஸ், பெய்ரூட் போகும். இதில் கான்ஸ்டான்டிநோபிள் எங்கே வருகிறது? வரவே இல்லை. எகிப்தும் சிரியாவும் மம்லூக் சுல்தான்களிடம் இருந்தன. உதுமானியர் சிரியாவைப் பிடித்தது 1516, எகிப்தைப் பிடித்தது 1517. அதற்குள் வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்துபோய்ப் பதினெட்டு வருடம் ஓடிவிட்டது. மத்திய ஆசியா வழியான பட்டுப்பாதையோ, மங்கோலிய அரசுகள் 14-ஆம் நூற்றாண்டில் சிதறியபோதே தளர்ந்துவிட்டது. துருக்கியருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இரண்டாவது, வியாபாரத்தை நிறுத்தி சுல்தானுக்கு என்ன லாபம்? சுங்கம் போய்விடுமே. நகரத்தைப் பிடித்த மறு வருடமே, 1454-இல், இரண்டாம் மெஹ்மத் வெனிஸுடன் ஒப்பந்தம் போட்டு அவர்கள் வியாபாரத்துக்கு அனுமதி கொடுத்தார். பிறகு 1463 முதல் 1479 வரை இருவருக்கும் நீண்ட போர் நடந்தது உண்மை, ஆனால் அப்போதும் அலெக்சாண்ட்ரியா மம்லூக்குகளிடம்தான் இருந்தது. மிளகுக்காரர்களுக்குத் தொல்லை கொடுத்தது மம்லூக் சுல்தான் பார்ஸ்பாய்தான்; 1422 முதல் 1438 வரை ஆண்டவர், மிளகு விற்பனையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு விலையை ஏற்றினார். அதுவும் 1453-க்கு முந்தைய கதை.

இந்தப் பாடத்தை அடியோடு சாய்ப்பது 16-ஆம் நூற்றாண்டு. எகிப்து துருக்கியர் கைக்குப் போன பிறகு செங்கடல் வழி செத்திருக்க வேண்டும் அல்லவா? நடந்தது நேர்மாறு. போர்ச்சுகீசியர் வந்த புதிதில் வெனிஸுக்கு மிளகு வருவது சரிந்தது, ஆனால் 1550-களிலும் 60-களிலும் அலெக்சாண்ட்ரியாவுக்கு மறுபடியும் ஏராளமாக மிளகு வந்திறங்கியது, உதுமானியர் ஆட்சியில்தான். வழியை அடைக்கப் பார்த்தவர்கள் போர்ச்சுகீசியர். செங்கடல் வாயில் கப்பல்களை நிறுத்தி, கண்ணில் பட்ட முஸ்லிம் வணிகக் கப்பல்களைப் பிடித்தார்கள், எரித்தார்கள். பாடம் இதைத் தலைகீழாக்கிவிட்டது.

---

கடற்காகம் எழுதியது:

மேலே சொன்னது அத்தனையும் சரி. ஏன் போர்ச்சுகல், எதற்குக் கப்பல் விட்டார்கள் என்ற பாதியை நான் சொல்கிறேன்.

ஒரே சொல்லில் சொன்னால் தங்கம். 14-ஆம் நூற்றாண்டுக் கடைசியிலும் 15-ஆம் நூற்றாண்டிலும் ஐரோப்பாவில் நாணயம் அடிக்கத் தங்கமும் வெள்ளியும் போதவில்லை. தங்கம் இருக்கும் இடம் அவர்களுக்குத் தெரியும்: சகாராவுக்குத் தெற்கே. மாலி அரசர் மன்சா மூசா 1324-இல் ஹஜ் போகும் வழியில் கெய்ரோவில் தங்கத்தை அள்ளி இறைத்த செய்தி மத்தியதரைக் கடல் முழுவதும் பரவியிருந்தது. 1375-இல் மயோர்க்காவில் வரைந்த கத்தலான் வரைபடத்தில் அவர் கையில் தங்க உருண்டையோடு உட்கார்ந்திருப்பார். அந்தத் தங்கம் ஒட்டகத்தில் ஏறி மொராக்கோ பக்கம் வந்துகொண்டிருந்தது. சியூட்டாவைப் பிடித்தால் கதவைப் பிடித்த மாதிரி என்று நினைத்தார்கள். அரசர் முதலாம் ஜுவாவுக்கு வேறு கணக்குகளும் இருந்தன. பக்கத்து நாடான காஸ்டிலோடு 1411-இல் சமாதானம் ஆகிவிட்டது, சண்டைக்குப் பழகிய பிரபுக்கள் சும்மா இருக்கிறார்கள், முஸ்லிம்களோடு சிலுவைப் போர் என்றால் போப்பின் ஆசியும் உண்டு. 1415 ஆகஸ்ட் 21-ஆம் தேதி நகரம் விழுந்தது.

ஆனால் தங்கம் வரவில்லை! ஒட்டக வணிகர்கள் வேறு ஊர்களுக்குத் திரும்பிவிட்டார்கள். சியூட்டாவுக்குச் சோறு போடுவதே சுமையானது. 1437-இல் மொராக்கோவின் தாஞ்சியர் நகரத்தைத் தாக்கித் தோற்று, இளவரசர் பெர்னாண்டோவைப் பிணையாக விட்டுவிட்டு வந்தார்கள். அவர் ஃபெஸ் நகரச் சிறையிலேயே 1443-இல் இறந்தார். ஒட்டகப் பாதையைச் சுற்றிக் கடல் வழியாகத் தங்கம் இருக்கும் இடத்துக்கே போய்விடலாம் என்ற யோசனை இந்த நிலைமையில்தான் வலுத்தது. இளவரசர் ஹென்ரிக் அதற்குப் பணமும் ஆளும் கொடுத்தார்.

தெற்கே போவது சுலபம், வடகிழக்குக் காற்று தள்ளிக்கொண்டே போகும். திரும்புவதுதான் பிரச்சினை, அதே காற்று முகத்தில் அடிக்கும். பொஜடோர் முனையைக் கண்டு மாலுமிகள் மிரண்டதற்குப் பூதக்கதைகளைவிட இதுதான் பெரிய காரணம். கரையை விட்டு விலகி, வடமேற்கே நடுக்கடலுக்குள் போய், அசோர்ஸ் தீவுகளின் உயரத்துக்கு ஏறினால் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும் என்பதைப் பழகப் பழகக் கண்டுபிடித்தார்கள். பின்னால் கொலம்பஸ் போய்த் திரும்பியதற்கும், காமா நடு அட்லாண்டிக்கில் அவ்வளவு பெரிய வளைவு போட்டதற்கும் இந்தப் பாடமே அடித்தளம். கரையிலேயே இருந்திருந்தால் இதைக் கற்றிருக்க முடியாது, அதனால்தான் அட்லாண்டிக் வாசலில் இருந்த நாட்டுக்கு அது வாய்த்தது.

இப்போது நம் கையேடுகள் தாண்டிப் போகும் பகுதி. தங்கத்துக்கு முன் கிடைத்தது மனிதர்கள். 1444 ஆகஸ்டில் போர்ச்சுகலின் லாகோஸ் துறைமுகத்தில் 235 ஆப்பிரிக்கர்களை இறக்கி, வெளியே ஒரு வயலில் நிறுத்திப் பங்கு போட்டார்கள். தாயையும் பிள்ளையையும் பிரித்ததை, பிள்ளைகள் ஓடிப்போய்த் தாயைக் கட்டிக்கொண்டதை, ஹென்ரிக்கைப் புகழ்வதற்காகவே எழுதிய அரசவை வரலாற்றாசிரியர் சுராராவே மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஹென்ரிக் குதிரை மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தில் ஒரு பங்காக அவருக்கு 46 பேர். அப்புறம் மேற்கு ஆப்பிரிக்கக் கரையோர ஆர்கிம் தீவில் கோட்டை கட்டி, பிடிப்பதை விட்டு வாங்கத் தொடங்கினார்கள். ஒரு குதிரைக்குப் பத்திலிருந்து பதினைந்து அடிமைகள் என்று 1455-இல் புறப்பட்டுப் போன வெனிஸ்காரர் கடமோஸ்டோ குறித்திருக்கிறார். அதே 1455-இல் போப் ஐந்தாம் நிக்கோலஸ் இந்தக் கடற்கரையையும் அடிமைப்படுத்தும் உரிமையையும் போர்ச்சுகலுக்கு எழுதிக்கொடுத்தார். "கண்டுபிடிப்புகளின் காலம்" என்று பெயர் வைத்து நாம் ஒரு மதிப்பெண்ணுக்குப் படிக்கும் ஆண்டுகள் இவை. படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

தங்கம் பெரிதாகக் கிடைத்தது பிறகுதான். இன்றைய கானாவில் எல்மினா கோட்டையை 1482-இல் கட்டினார்கள், கல்லைக்கூடப் போர்ச்சுகலிலேயே செதுக்கிக் கப்பலில் கொண்டுபோய். இந்தியா என்பது முறையான திட்டமானது அரசர் இரண்டாம் ஜுவா காலத்தில்தான். 1487-இல் ஒரே ஆண்டில் இரண்டு முயற்சி: பர்த்தலோமியோ டயஸ் கடல் வழியாக, பெரோ ட கோவில்யா வேடம் போட்டு கெய்ரோ, ஏடன் வழியாக. கோவில்யா கோழிக்கோட்டுக்கே வந்துபோனார், காமாவுக்குச் சுமார் பத்து வருடம் முன்னால்.

---

அந்திக்கரை எழுதியது:

இருவரும் அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் 1453-ஐ ஒரேயடியாகத் தூக்கிப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. வெனிஸை விட்டுவிட்டு, இத்தாலியின் இன்னொரு வணிக நகரமான ஜெனோவாவைப் பாருங்கள்.

ஜெனோவாக்காரர்களின் வியாபாரம் கருங்கடலில்: தானியம், மீன், அடிமைகள். துணிச் சாயத்துக்கு வேண்டிய படிகாரம் ஆசியா மைனரின் ஃபோக்கேயாவிலிருந்து வந்தது. ஃபோக்கேயா 1455-இல் போனது, கிரிமியாவிலிருந்த காஃபா 1475-இல் போனது. இவர்களுக்குக் கிழக்கு உண்மையிலேயே சுருங்கியது. ஏற்கெனவே மேற்கே கால் பதித்திருந்தவர்கள் (போர்ச்சுகல் கடற்படைக்கு 1317-லேயே ஒரு ஜெனோவாக்காரர்தான் தளபதி, 1291-இல் விவால்டி சகோதரர்கள் ஜிப்ரால்டரைத் தாண்டிப் போய்த் திரும்பவே இல்லை) தங்கள் பணத்தை இன்னும் அதிகமாக லிஸ்பனுக்கும் செவீலுக்கும் திருப்பினார்கள். கொலம்பஸ் ஜெனோவாவிலிருந்து வந்த ஆள்தான். 1478-இல் ஒரு ஜெனோவா நிறுவனத்துக்காக, அட்லாண்டிக்கில் போர்ச்சுகீசியர் வைத்திருந்த மடெய்ராத் தீவில் சர்க்கரை வாங்கப் போனார்.

அந்தச் சர்க்கரையைப் பின்தொடர்ந்தால் இடைக்காலத்துக்கும் காலனி ஆட்சிக்கும் நடுவில் சுவரே இல்லை என்பது தெரியும். சிலுவைப்போர்க்காரர்கள் பாலஸ்தீனக் கரையில் கரும்பைக் கற்றார்கள், அது சைப்ரஸ், சிசிலி, வலென்சியா என்று மேற்கே நகர்ந்து மடெய்ராவுக்கும் கனாரித் தீவுகளுக்கும் போய், 1493-இல் கொலம்பஸின் இரண்டாம் பயணத்தில் கனாரியிலிருந்தே கரிபியனுக்கு ஏறியது. மடெய்ராவைத் தலைவர்களுக்குப் பரம்பரைப் பாத்தியமாகப் பிரித்துக் கொடுத்த அதே முறையில் 1530-களில் பிரேசிலைப் பிரித்தார்கள்.

கனாரித் தீவுகளைப் பற்றிக் கட்டாயம் படியுங்கள். 1402-இல் தொடங்கி 1496 வரை, கிட்டத்தட்ட நூறு வருடம், அங்கிருந்த பூர்வகுடிகள் கல்லும் மர ஈட்டியும் வைத்துக்கொண்டு போராடினார்கள். 1494-இல் அங்குள்ள தெனரீஃப் தீவில் ஸ்பானியத் தளபதி அலோன்சோ தெ லூகோவின் படையைக் குவாஞ்சே என்ற பூர்வகுடி மக்கள் ஒரு பள்ளத்தாக்கில் மடக்கி நொறுக்கினார்கள். மறுபடி வந்தவர்களுக்கு நோயும் துணை நின்றது. அமெரிக்காவில் நடந்ததற்கு ஒத்திகை அங்கே முடிந்திருந்தது.

---

மிளகுக்கொடி எழுதியது:

மிகவும் நன்றி, மூன்று பேருக்கும். ஆனால் வெனிஸ் ஏன் தேடவில்லை என்பதற்கு நேரடிப் பதில் வரவில்லையே? அப்புறம் தேர்வில் இந்தக் கேள்வி வந்தால் என்ன எழுதுவது?

---

பழையவரைபடம் எழுதியது:

கொள்குறி வினாவில் விடைக்குறிப்பு எதிர்பார்ப்பதையே குறியுங்கள், மதிப்பெண்ணை இழக்க வேண்டாம். விரிவாக எழுதும் தாளில் 1415-ஐயும் 1517-ஐயும் வைத்து, 1453 முதற்காரணம் அல்ல என்று எழுதி, ஜெனோவா விஷயத்தைத் துணைக்காரணமாகச் சேருங்கள். ஆண்டுகளோடு எழுதினால் திருத்துபவர் மறுக்க முடியாது.

வெனிஸ் தேடாததற்குக் காரணம், தேட வேண்டிய அவசியமே இல்லை. 1490-களில் அலெக்சாண்ட்ரியா வழி அவர்களுக்கு நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. 1498 மே மாதம் காமாவின் ஆள் கோழிக்கோட்டில் கரையிறங்கியபோது அவரை வரவேற்றது யார் தெரியுமா? காஸ்டிலிய மொழியும் ஜெனோவா மொழியும் பேசத் தெரிந்த இரண்டு துனிஸ் முஸ்லிம்கள். மத்தியதரைக் கடலுக்கும் மலபாருக்கும் நடுவே ஆள் போக்குவரத்து அந்த அளவுக்கு இருந்தது. கோழிக்கோட்டு அரசர் சாமூதிரிக்குக் காமா கொண்டுவந்த தொப்பி, கைகழுவும் கிண்ணம், தேன், எண்ணெய் எல்லாவற்றையும் பார்த்து அரண்மனை அதிகாரிகள் சிரித்ததும் அதனால்தான். அவர்கள் பார்க்காத சரக்கு அதில் ஒன்றுமில்லை.

லிஸ்பனுக்கு மிளகு வந்து இறங்கிய பிறகுதான் வெனிஸ் பதறியது. பதறியவர்கள் செய்ததைப் பாருங்கள். அட்லாண்டிக்குக்குக் கப்பல் அனுப்பவில்லை, கெய்ரோவுக்குத் தூது அனுப்பினார்கள். செங்கடலிலிருந்து மத்தியதரைக் கடலுக்கு ஒரு கால்வாய் வெட்டலாம் என்று மம்லூக் சுல்தானிடம் யோசனை சொல்ல 1504-இல் வெனிஸின் பத்துப் பேர் சபை வரைவுகூட எழுதியது, தூதர் புறப்படும் முன் அதை எடுத்துவிட்டார்கள். போர்ச்சுகீசியரை எதிர்க்க மம்லூக்குகள் கட்டிய கப்பல்களுக்கு மரமும் பீரங்கியும் அனுப்பி உதவியவர்கள் யார் என்றால், உதுமானியத் துருக்கியர்.