டைமிங் லைட் காட்டுவதை எப்போது நம்பலாம்? பெட்ரோல் இன்போர்டு எஞ்சின் அனுபவங்கள்

நம் கரையோர விசைப்படகுகளில் இருப்பது டீசல். அதில் பிளக்கும் இல்லை, பொறியும் இல்லை. பம்ப் டைமிங் வேறு வேலை. இங்கே சொல்வது பெட்ரோல் இன்போர்டுக்கு, அதாவது படகுக்குள்ளேயே இருக்கும் எஞ்சினுக்கு. டைமிங் என்றால் பிளக்கில் பொறி விழும் நேரம். டைமிங் லைட் ஒன்றாம் பிளக்கின் பொறியோடு மின்னி, கிராங்க் (எஞ்சினின் சுழல்தண்டு) முனையில் சுற்றும் கோட்டை நிற்பதுபோலக் காட்டும் விளக்கு. மெர்குரூசர் 5.7 வி8, கார்புரேட்டர், தண்டர்போல்ட் 5 இக்னிஷன் என்று வைத்துக்கொள்வோம். பேஸ் (அடிப்படை) டைமிங் டிடிசிக்கு, அதாவது பிஸ்டன் உச்சியைத் தொடும் புள்ளிக்கு, 10 டிகிரி முன்னால். லைட்டை மாட்டி ஐடிலில் பார்த்தால் கோடு ஓரிடத்தில் நிற்காமல் அலையும். உடனே டிஸ்ட்ரிபியூட்டரை (பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் பகுதி) திருப்பாதீர்கள். ஐடில் விழும்போதெல்லாம் இக்னிஷன் மாட்யூல் தானாகவே டைமிங்கைக் கூட்டி வேகத்தைத் தூக்கிப் பிடிக்கிறது. ஊதா-வெள்ளை ஒயரை ஜம்பர் போட்டு எர்த் செய்தால் பேஸ் நிலையில் பூட்டிக்கொள்ளும். அதன்பிறகு தெரியும் எண்தான் கணக்கு. மேலிருந்து பார்க்க டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ரோட்டார் வலம் சுற்றுகிறது. எனவே டிஸ்ட்ரிபியூட்டர் உடலை இடஞ்சுழியாகத் திருப்பினால் டைமிங் கூடும், பொறி முன்னதாக விழும். கிளாம்ப் போல்ட்டைக் கொஞ்சமாகத் தளர்த்தி மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். இறுக்கியபின் இன்னொரு தடவை லைட் அடியுங்கள், இறுக்கும்போதே நகர்ந்துவிடும்.

வேலை முடிந்ததும் ஜம்பரைக் கழற்ற மறந்தால் அட்வான்ஸ் (வேகத்தோடு பொறி முன்னேறுவது) ஏறாது. ஐடில் சுத்தமாக இருக்கும். த்ராட்டில் கொடுத்தால் படகு மூக்கைத் தூக்கியபடி முக்கும், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு தகிக்கும்.

*

இதோடு ஒன்று சேர்க்க வேண்டும். கோடே இடம் மாறியிருந்தால் லைட் என்ன செய்யும்? கிராங்க் முன்னால் இருக்கும் பேலன்சர் இரண்டு துண்டு: உள்ளே ஹப், வெளியே வளையம், நடுவில் ரப்பர். உப்புக் காற்றிலும் எண்ணெயிலும் ரப்பர் விட்டுப்போனால் வளையம் வழுக்கும், கோடும் கூடவே போகும். 8 அங்குல பேலன்சரில் ஒரு டிகிரி என்பது சுமார் 1.8 மி.மீ. தான். வளையம் ஒரு விரல் அகலம் நகர்ந்தாலே கிட்டத்தட்ட 10 டிகிரி பிசகு.

சரிபார்க்கும் முறை: பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, எல்லா பிளக்கையும் எடுத்துவிட்டு, ஒன்றாம் சிலிண்டரின் பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப்பை (பிஸ்டனை முட்டி நிறுத்தும் கருவி) திருகுங்கள். முன்னால் நின்று பார்க்காமல், படகின் முன்பக்கம் பார்த்து நின்றால் இடப்பக்க வரிசையின் முதல் சிலிண்டர் அது. கிராங்கைக் கையால் திருப்பி, முட்டும் இடத்தில் எஞ்சினில் உள்ள டைமிங் முள்ளுக்கு நேரே பேலன்சரில் சாக்பீஸால் கீறுங்கள். எதிர்ப்பக்கம் திருப்பி முட்டவிட்டு இன்னொரு கீறல். இரண்டுக்கும் நட்டநடுவே உள்ளதுதான் உண்மையான டிடிசி. பழைய கோடு அங்கே விழாவிட்டால் பேலன்சரை மாற்றுங்கள். வெள்ளைப் பெயிண்ட்டால் புதுக் கோடு போட்டு ஒப்பேற்றுவது ஆபத்து, ஒருமுறை வழுக்கியது மறுபடி வழுக்கும். ஸ்டாப் உள்ளே இருக்கும்போது ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது.

*

கோடும் சரி, ஜம்பரும் சரி, ஆனாலும் இழுவை இல்லை என்றால் டைமிங் செயினைப் பாருங்கள், கிராங்கிலிருந்து வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டைச் சுற்றுவது அதுதான். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிவிட்டு, ரோட்டார் அசையும்வரை கிராங்கை ஒரு பக்கம் திருப்பி, பிறகு மெதுவாக மறுபக்கம் திருப்புங்கள். ரோட்டார் நகரத் தொடங்குவதற்குள் கிராங்க் எத்தனை டிகிரி போகிறது? 8, 10 என்று போனால் செயின் தளர்ந்துவிட்டது. இதில் ஏமாறுவது எளிது: டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிப் பொறியைச் சரியாக்கலாம், லைட் 10 காட்டும். ஆனால் வால்வுகள் பின்தங்கியேதான் திறக்கும். அந்த இழுவை செயின் மாற்றினால்தான் திரும்பும்.

*

டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி மாட்டியபின் வரும் கோளாறுக்கு, "ஒரு பல் தள்ளிவிட்டது" என்பார்கள். அதன் கியரில் 13 பல். ஒரு பல் என்றால் கிராங்க் கணக்கில் 55 டிகிரி. அதை உடலைத் திருப்பியே ஈடுகட்டலாம், மேனிஃபோல்டில் இடிக்காதவரை. அதைவிட அடிக்கடி காண்பது, ஒன்றாம் பிஸ்டன் எக்ஸாஸ்டில் (புகையை வெளியேற்றும் சுற்றில்) மேலே வந்தபோது மாட்டிவிடுவது. எஞ்சின் கார்புரேட்டர் வழியே வெடிக்கும், ஓடாது. பிளக் துளையில் விரலை வைத்து, காற்று விரலைத் தள்ளுகிற சுற்றில்தான் மாட்ட வேண்டும். சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை 1-8-4-3-6-5-7-2. இரட்டை எஞ்சின் படகில் எதிர்ச்சுற்று எஞ்சின் இருந்தால் 1-2-7-5-6-3-4-8. ஒயரை மாற்றுமுன் எந்த எஞ்சின் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

*

பழைய பாயிண்ட் வகை (மாட்யூலுக்குப் பதில் திறந்து மூடும் தொடுமுனைகள்) வி8 வைத்திருப்பவர்களுக்கு: முதலில் கேப், அதாவது பாயிண்ட் இடைவெளி, பிறகுதான் டைமிங். பீலர் கேஜில் 0.4 மி.மீ., டுவெல் (பாயிண்ட் மூடியிருக்கும் கோணம்) 28 முதல் 32 டிகிரி. கேமில் உரசும் கட்டை தேயத் தேயக் கேப் குறையும், டைமிங் பின்னால் போகும். கேப்பைத் தொட்டால் டைமிங் மாறும் என்பதால் வரிசை தலைகீழானால் இரண்டு வேலை. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வேகத்துக்கேற்ப விரிந்து டைமிங்கைக் கூட்டும் அட்வான்ஸ் எடைகளையும் தூக்கிப் பாருங்கள். பின்னைச் சுற்றிக் காவி நிறத் தூள் இருந்தால் துரு பிடித்து எடை பாதியில் நிற்கிறது. துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ரோட்டாரைக் கையால் முறுக்கிவிட்டால் ஸ்பிரிங் தானே இழுத்துக்கொள்ள வேண்டும்.

*

தரையில் குழாய்த் தண்ணீர் கொடுத்து ஓட்டும்போது 1500 ஆர்பிஎம்மைத் தாண்டாதீர்கள், இம்பெல்லர் போய்விடும். மேல்வேக அட்வான்ஸைப் படகு தண்ணீரில் இறங்கிய பிறகே பாருங்கள். முழு த்ராட்டிலில் 4400 ஆர்பிஎம்மைத் தொடாவிட்டால் டைமிங்கைக் குறை சொல்லுமுன் புரொப்பெல்லரையும் அடிப்பாகத்துப் பாசியையும் பார்த்துவிடுங்கள்.

கார் டிஸ்ட்ரிபியூட்டர் மலிவு, அப்படியே பொருந்தும், ஆனால் போடக் கூடாது. மரைன் வகையில் காற்றுத்துளைக்கு வலை இருக்கும், உள்ளே எழும் தீ வெளியே வராது. எஞ்சின் அறையில் பெட்ரோல் ஆவி தேங்கினால் ஒரு பொறி போதும். ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் முன் புளோயரை (ஆவியை வெளியேற்றும் விசிறி) 4 நிமிடம் ஓடவிட்டு, பில்ஜை (படகின் அடித்தளக் குழி) மோந்து பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்புங்கள்.