புத்தருக்கு வைக்கிற பூ யாருக்கு?

பாம்பன்காரன்:
நான் நாட்டுப்படகுக்காரன். அணியத்தில் சூடம் கொளுத்தாமல் கடலுக்குப் போனதில்லை. பௌத்தத்தில் கடவுளே கிடையாது என்கிறான், காலேஜில் படிக்கும் என் மகன். அப்புறம் ஏன் விகாரையில் பூ வைக்கிறார்கள்?

தொண்டி வாத்தியார்:
படைத்தவர் என்று ஒருவர் இல்லை, அவ்வளவுதான். தேவர்கள் உண்டு, அவர்களும் ஆயுள் தீர்ந்தால் சாகிறவர்கள். புத்தரின் நீண்ட உரைகளின் தொகுப்பான தீக நிகாயத்தில் கேவட்ட சூத்திரம் படியுங்கள். நிலம், நீர், தீ, காற்று நான்கும் மிச்சமில்லாமல் எங்கே அடங்கும் என்று ஒரு பிக்கு பிரம்மாவிடம் கேட்கிறார். ‘நானே படைத்தவன்’ என்று பெருமை பேசுகிறார் பிரம்மா. பிக்கு விடவில்லை. கடைசியில் பிரம்மா அவர் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப்போய், எனக்கும் தெரியாது, தேவர்கள் முன்னால் சொல்ல முடியவில்லை என்கிறார்! எனக்கு என் பழைய ஹெட்மாஸ்டர் ஞாபகம்தான் வந்தது.

மண்டபம் முகாம்:
நான் வவுனியா, அண்ணன். அங்கே பல விகாரைகளில் விஷ்ணுவுக்கும் கதிர்காமத் தெய்வத்துக்கும் தனிச் சன்னதி இருக்கும். பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் நேர்த்தி அங்கேதான். புத்தருக்குப் பூ வைக்கும்போது, இது வாடுவதுபோல என் உடம்பும் வாடும் என்று சொல்லித்தான் வைப்பார்கள்.

பாம்பன்காரன்:
சரி. சூடத்தை நிறுத்தச் சொல்லவில்லையே, அது போதும். வலை பொத்தப் போகிறேன்.