மூன்றாம் வகுப்புப் பையனின் மாலை விளையாட்டை நிறுத்தி டியூஷன் சேர்க்கலாமா?

வேளச்சேரி அம்மா:
பையன் கணக்கில் கொஞ்சம் பின்தங்குகிறான் என்று மிஸ் சொன்னதிலிருந்து, விளையாட்டை நிறுத்திவிட்டு 5 மணி டியூஷனில் சேர்த்துவிடு என்கிறார்கள் வீட்டில். ஸ்கூலில் பி.டி. பீரியடையும் பாதி நாள் கணக்குக்கு எடுத்துக்கொள்கிறார்கள். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ஓடிப்பிடித்து விளையாடுவதுதான் அவனுக்கு இருக்கிற ஒரே ஓட்டம், அதையும் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. விளையாடினால் நிஜமாகவே மார்க் குறையுமா?

கொளத்தூர் டீச்சர்:
குறையாதுங்க. கனடாவில் கியூபெக் மாகாணத்தில் 1970களில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட நேரத்தைக் குறைத்து, தினமும் ஒரு மணி நேரம் கூடுதலாக உடற்கல்வி கொடுத்துப் பல வருஷம் கவனித்தார்கள், அப்போதும் படிப்பு சரியவில்லை. பி.டி. பீரியடைப் பறிப்பதுதான் எனக்கு ஆற்றாமை. உட்கார்ந்தே இருந்த பிள்ளைக்கு அந்த 40 நிமிஷக் கணக்கு மண்டையில் ஏறவே ஏறாது, தினமும் வகுப்பில் பார்க்கிறேன்.

அண்ணாநகர் அப்பா:
டீச்சர் சொல்வது சரி, ஆனால் ஓடினால் மார்க் தானாக ஏறும் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 9, 10 வயதுப் பிள்ளைகளை டிரெட்மில்லில் 20 நிமிஷம் நடக்கவைத்துச் சோதித்தார்கள், உட்கார்ந்திருந்த நாளைவிட நடந்த நாளில் கவனமும் வாசித்துப் புரிந்துகொள்வதும் நன்றாக இருந்தன. அது 2009இல், இருபது பிள்ளைகளை வைத்துச் செய்த சின்ன ஆய்வு. நார்வேயில் 57 பள்ளிகளில் 10 வயதுப் பிள்ளைகளுக்குப் பாடத்தையே மைதானத்தில் ஓடியாடி நடத்தினார்கள், மொத்தமாகப் பார்த்தால் மார்க்கில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் தொடக்கத்தில் கணக்கில் ரொம்பப் பின்தங்கியிருந்த பிள்ளைகள் மட்டும் முன்னேறினார்கள். உங்கள் பையன் விஷயத்தில் இதைத்தான் யோசிக்க வேண்டும் சிஸ்டர், அவனிடமிருந்து முதலில் பிடுங்கக் கூடாதது விளையாட்டுதான்.

பெரம்பூர் பாட்டி:
டியூஷன் வேண்டாம் என்று சொல்லவில்லை கண்ணு, விளையாடிவிட்டுப் போகட்டும். உலக சுகாதார நிறுவனமே 5 வயதிலிருந்து 17 வரை சராசரியாக தினமும் 60 நிமிஷம் மூச்சு வாங்க ஓடியாடச் சொல்கிறது. சித்திரை வெயிலில் 5 மணிக்கு மேல் இறக்கிவிடு, ஐப்பசி கார்த்திகை மழையில் வீட்டுக்குள்ளேயே ஸ்கிப்பிங். பாண்டிக் கட்டத்தில் 4, 8, 12 என்று எழுதி நொண்டியடித்தபடி வாய்ப்பாடு சொல்ல வை, என் பேத்தி அப்படித்தான் ஏழாம் வாய்ப்பாடு வரை வந்தாள்.

கொளத்தூர் டீச்சர்:
இன்னொன்று. 2009 கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு மைதானம் வேண்டும் என்கிறது, ஆனால் பகுதிநேர உடற்கல்வி ஆசிரியரை 6 முதல் 8 வகுப்புகளுக்குத்தான் சொல்கிறது. அதனால் சின்ன வகுப்புகளில் எல்லாம் பள்ளியின் மனசைப் பொறுத்தது. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் நாலைந்து பேர் சேர்ந்து பி.டி. பீரியடைக் கேளுங்கள், தனியாகக் கேட்டால் தலையாட்டிவிட்டு விட்டுவிடுவார்கள்.

வேளச்சேரி அம்மா:
ரொம்ப நன்றி. டியூஷனை 6.30க்கு மாற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறேன். அவன் விளையாடுகிற நேரம் பார்க்கிங்கில் வண்டி வரத்து அதிகம், வேளச்சேரி பக்கம் சின்னப் பிள்ளைகள் ஓடுகிற மாதிரி நல்ல பார்க் எது?